787-ஆ, வீட்டுப் பக்கத்துத் தளமா?

வணக்கம். விமானியான நீங்கள், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் தளத்தில் (பணி தொடங்கும் விமான நிலையத்தில்) போயிங் 737 ஓட்டுவதா, அல்லது இரண்டு மணி நேரம் பறந்து போய்ச் சேர வேண்டிய தளத்தில் அதைவிடப் பெரிய 787 ஓட்டுவதா, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விமானத்துக்காக நான்கு வருடம் அப்படிப் போய்வந்தவன் நான். உங்கள் இடத்தில் இருந்தால் 737-ஐ விடமாட்டேன்.

புதுத் தளத்தில் உங்கள் சீனியாரிட்டி எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். கடைசியில் என்றால் ரிசர்வ்தான், அதாவது நிலையான அட்டவணை இல்லாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும் வேலை. கூப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்றால் வீட்டில் இருக்க முடியாது. வாடகை அறையில் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அழைப்பே வராத நாட்கள்தான் அதிகம் வலித்தன. மகள் முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டியதை வீடியோவில்தான் பார்த்தேன்.

நெடுந்தூரப் பயணத்தில் மாதத்துக்குச் சில முறை போனால் போதும், உண்மைதான். ஆனால் அந்தச் சுகம் நிலையான அட்டவணை கிடைத்த பிறகுதான். அப்புறம், தரையிறக்கும் வாய்ப்பும் குறைவு. 90 நாளில் மூன்று முறையாவது தரையிறக்கியிருக்க வேண்டும் என்ற கணக்குக்கே சிலர் சிமுலேட்டருக்கு, அதாவது விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவிக்குப் போகிறார்கள்.

ரிசர்வ் எவ்வளவு காலம் இழுக்கும், 787-க்கு மாறினால் எத்தனை வருடம் 737-க்குத் திரும்ப முடியாது என்று அந்தத் தளத்து ஜூனியர்களிடமே கேளுங்கள்.