காடு மேட்டுக்கு ஒரு பிக்கப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, "எதை மாட்டலாம்?" என்றே கேட்கின்றன. "மாட்டினால் வண்டியில் எத்தனை கிலோ கூடும்?" என்ற கவலையோடு எழுதியவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைத் தாண்டிப் போய்விடாமல் படித்துவிடுங்கள்.

புதிதாக ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் எடுத்திருக்கிறேன். முதலில் 2 அங்குல லிஃப்ட் கிட் போடலாமா, டயரை மாற்றலாமா?

டயர்தான் முதலில். லிஃப்ட் கிட் தூக்கிக் கொடுப்பது சேஸையும் பாடியையும் மட்டுமே. பின் ஆக்சிலின் நடுவில் குண்டாகத் தொங்குகிற டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். கல் மேட்டில் முதலில் அடி வாங்குவதும் அதுதான். அதை உயர்த்த வேண்டுமென்றால் விட்டம் கூடிய டயரைத் தவிர வேறு சுலபமான வழியில்லை.

அதற்காக லிஃப்ட் வீண் என்று சொல்லவில்லை. மேடு ஏறும்போது முன் பம்பர் தட்டாமல், உச்சியில் வயிறு உரசாமல், இறங்கும்போது பின்பக்கம் மாட்டாமல் இருக்க அது உதவும். ஆனால் முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருக்கும் வண்டிகளில் சுமார் 2 அங்குலம்தான் நிம்மதியான எல்லை. அதைத் தாண்டினால் முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் மூட்டுகள் எந்நேரமும் வளைந்த கோணத்திலேயே சுழலும். ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். அப்புறம் அந்த மூட்டு நாள் எண்ண ஆரம்பித்துவிடும். எவ்வளவு உயர்த்தினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டையும் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள். எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருப்பதும் உங்கள் பொறுப்புதான்.

முதல் சில மாதங்களுக்கு நல்ல ஆல் டெரெய்ன் டயர், டயர் காற்று பார்க்கும் கேஜ், முன்னும் பின்னும் தரமான மீட்புக் கொக்கி, இவை மட்டும் போதும். வண்டி எங்கே திணறுகிறது என்று நீங்களே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த செலவைப் பற்றி யோசிக்கலாம்.

265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட நினைக்கிறேன். வேறு எதையாவது மாற்ற வேண்டி வருமா?

கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. புதியது 831 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ. என்றாலும் டிஃபரென்ஷியல் உயர்வது அதில் பாதி, 27 மி.மீ.தான். டயர் 7 சதவீதம் பெரிதாகிவிடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 107-ல் போய்க்கொண்டிருக்கும். கியர்களும் அதே 7 சதவீதம் உயர்ந்தது போலாகிவிடும். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும், டீசலும் கூடக் குடிக்கும். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை அதிகம்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் டயர் எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். 265/70 ஆர்17 என்றால் 803 மி.மீ. உயர்வு 13 மி.மீ.தான், ஆனால் பெரும்பாலும் வேறு எதையும் வெட்டாமல் உட்கார்ந்துவிடும். என்னைக் கேட்டால் அதையே சொல்வேன். ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மணலில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு குறைக்கலாம்? டயர் அகலமாக விரியும் என்பதற்காகவா?

அகலம் கொஞ்சம்தான் கூடும். கூடுவது நீளம். காற்று குறையும்போது தரையில் படியும் டயரின் தடம் முன்னும் பின்னும் நீண்டு, வண்டியின் எடை அதிகப் பரப்பில் இறங்குகிறது. அதனால்தான் டயர் மணலைத் தோண்டாமல் மேலேயே மிதந்து போகிறது.

மணலுக்கு 18 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். அப்போதும் இழுக்கத் திணறினால் 15-க்கு வாருங்கள். 12-க்குக் கீழே போவது மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து ஊர்ந்து வெளியே வருவதற்கு மட்டும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அலையலையாக இருக்கும் சரளைப் பாதைக்கு 26, 28 போதும். டயர் பஞ்சர் ஆவதும் குறையும், ஷாக் அப்சார்பரும் பிழைக்கும்.

வண்டி புதையத் தொடங்குகிறது என்று தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். சக்கரம் வெறுமனே சுற்றும் ஒவ்வொரு நொடியும் குழி ஆழமாகிறது. வந்த தடத்திலேயே பின்னால் எடுத்து, காற்றை இன்னும் குறைத்து, மறுபடி முயலுங்கள். நான் மணலில் மற்றவர்களுக்கு உதவப் போன இடங்களில் பெரும்பாலானவற்றில் கயிறே தேவைப்படவில்லை, காற்றைக் குறைத்ததே போதுமானதாக இருந்தது. தார் சாலை வந்ததும் கம்ப்ரஸரை எடுத்துப் பழைய அளவுக்குக் காற்று நிரப்பிவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

பின்னால் சாமான் ஏற்றினால் வண்டி தாழ்கிறது. கமான் பட்டையோடு (லீஃப் ஸ்பிரிங்) ஏர் பேக்கும் (காற்றடைத்த ரப்பர் பை) வைத்தால் நிமிர்ந்துவிடும் என்கிறார்கள். சேஸ் வளைந்துவிடும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி. வண்டி நிமிரும், சேஸும் வளையக்கூடும்.

கமான் பட்டை சேஸோடு சேரும் இடங்கள் இரண்டு: ஆக்சிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சுமை அந்த இரண்டு இடங்களுக்கும் பிரிந்து போகும் என்று கணக்குப் போட்டுத்தான் சேஸை வடிவமைத்திருக்கிறார்கள். ஏர் பேக்கை ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்து அழுத்தம் ஏற்றினால், சுமையின் பெரும்பங்கு நடுவே ஒரே புள்ளியில் சேஸைக் குத்தி மேலே தள்ளுகிறது. பின்னால் தொங்கும் பாரம் அதே நேரத்தில் கீழே இழுக்கிறது. பள்ளத்தில் வேகமாக இறங்கி ஏறும்போது அந்தப் பாரம் பல மடங்காகிறது. கேபினுக்கும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகன்று, கீழே குறுகியிருக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சேஸ் வளைந்ததற்கு அதுதான் அடையாளம்.

பாரம் எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஸ்டெப்னியும் தண்ணீர் கேன்களுமாக 100 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்கவிடுகிறீர்கள், வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றப்பலகை போலத்தான் இது. பின் ஆக்சிலில் இறங்குவது 100 கிலோ இல்லை, 140 கிலோ. அந்த உபரி 40 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்படுகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுபவர் உணர்வது இதனால்தான்.

இப்போது மொத்தச் சுமையைக் கூட்டுங்கள். வண்டி 1,000 கிலோ தாங்கும் என்று கையேடு சொல்கிறது. ஐந்து பேர் 375 கிலோ. புல் பார் 60, வின்ச் (மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார் உருளை) 40, தொட்டியின் மேல் கூடு 100, கூரைக் கூடாரம் 60, ஃபிரிட்ஜும் இரண்டாவது பேட்டரியும் சேர்ந்து 55. ஆக 690 கிலோ. மிச்சம் 310. இதில்தான் தண்ணீர், கூடுதல் டீசல், கருவிகள், சாப்பாடு, படுக்கை எல்லாம் அடங்க வேண்டும். பின்னால் டிரெய்லர் இழுத்தால் கொக்கியின் மேல் அது அழுத்தும் எடையும் இதே கணக்கில் சேரும். இந்த எண்கள் உங்கள் வண்டிக்கு மாறும். தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பயணத்துக்குத் தயாரான வண்டியை ஆட்களோடு எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது அதைவிட நல்லது. முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக.

உங்களுக்கு என் யோசனை: எப்போதும் சுமையோடுதான் ஓடுகிறது என்றால், அந்தச் சுமைக்கு ஏற்ற கமான் பட்டைத் தொகுப்பையே மாற்றுங்கள். ஆனால் வெறும் வண்டியாக ஓடும் நாட்களில் அது முரட்டுத்தனமாகக் குதிக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பட்டையை மாற்றினாலும் கையேட்டில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது. கனமானவற்றைத் தொட்டியின் முன்பக்கம், கேபினை ஒட்டி, தாழ்வாக வையுங்கள். பின் கதவுக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள்.

ஸ்நார்கல் போட்டுவிட்டேன். இனி எவ்வளவு ஆழமான தண்ணீரில் இறங்கலாம்?

முன்பு இறங்கிய அதே ஆழத்தில்தான். ஃபோர்டு ரேஞ்சருக்கு 800 மி.மீ., டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மி.மீ. என்பது போல ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஸ்நார்கல் எஞ்சின் மூச்சு வாங்கும் இடத்தை மேலே கொண்டு போகிறது, அவ்வளவுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அந்த ஆபத்தை இது குறைக்கும். வயரிங்கையும் ஆல்டர்னேட்டரையும் காப்பாற்றாது. இணைப்பு ஒன்றில் காற்று கசிந்தாலும் அதன் பயனே போய்விடும்.

டிஃபரென்ஷியலின் மூச்சுக் குழாயைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். என் முதல் வண்டியில் இதைக் கவனிக்காமல் விட்டேன். ஒரு மாதம் கழித்து பேரிங் ஊளையிட்ட பிறகுதான் திறந்து பார்த்தேன், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. அந்தக் குழாயை எஞ்சின் அறையின் உச்சிவரை நீட்டிவிட அரை நாள் வேலைதான்.

சேற்றில் மாட்டிய நண்பரின் வண்டியை டிரெய்லர் பந்துக் கொக்கியில் கயிறு கட்டி இழுத்தோம். வந்துவிட்டது. இது தப்பா?

தப்பு. தயவுசெய்து இனி செய்யாதீர்கள். அந்தப் பந்து, டிரெய்லரைச் சீராக இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. இழுவைக் கயிறு சுண்டி இழுக்கும் அதிர்ச்சியில் அதன் தண்டு முறிந்தால், கயிற்றில் சேர்ந்த விசை முழுவதோடும் அந்த இரும்பு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேஸோடு போல்ட் போட்ட, தாங்கும் எடை குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். கயிற்றின் மேல் கனமான போர்வையையோ அதற்கென்றே உள்ள பையையோ போடுங்கள். சுற்றி நிற்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகமாகத் தள்ளி நிறுத்துங்கள். முதலில் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் தோண்டிவிட்டால் பாதி இழுவை குறையும்.

வின்ச் வாங்குவதாக இருந்தால் முழுச் சுமையோடு உள்ள எடையைப் போல ஒன்றரை மடங்கு: 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ. வின்ச்சில் எழுதியிருக்கும் திறன் உருளையில் கடைசிச் சுற்று அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது. மேலே அடுக்குகள் கூடக்கூட இழுவை குறையும். ஒரு கப்பியைச் சேர்த்துக் கயிற்றைத் திருப்பிக் கட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

பயணம் முடிந்து வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். காய்ந்த சேறு சேஸின் உள்மூலைகளில் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். கடல் தண்ணீர் பட்டிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். பின் பிரேக் ட்ரம்முக்குள் சேறு புகுந்திருந்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஷூவும் ட்ரம்மும் சேர்ந்து தேயும். ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். அழுத்தம் கூடினால் அதன் தகடுகள் மடங்கிவிடும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரென்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்து நிறம் பாருங்கள். கமான் பட்டையை இப்போதுதான் மாற்றியவர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்குங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் அவை தளரும். தளர்ந்தால் நடுவில் உள்ள சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சிலே நகர்ந்துவிடும்.

மழையில் தார் சாலையிலும் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் வேக நிலை) போட்டு ஓட்டலாமா?

பெரும்பாலான பிக்கப்களில் கூடாது. முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் தனியாக ஒரு டிஃபரென்ஷியல் இல்லாததால், வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறுவேறு தூரம் ஓட முடியாமல் கியர்கள் இறுகிக்கொள்ளும். மண்ணில் டயர் சறுக்கி அந்த இறுக்கத்தை விடுவிக்கும், தார் விடாது. ஏற்கனவே இறுகி லீவர் வர மறுத்தால், பலத்தைக் காட்டாமல் நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்துப் பாருங்கள். தானாகவே விடுபடும்.