வேர்டில் கிளிப் ஆர்ட் எங்கே போனது?

கேள்வி: மூன்றாம் வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியை நான். முன்பு வேர்ட் 2007-இல் கிளிப் ஆர்ட் பட்டனை அழுத்தினால் மரம், மாடு, பூ எல்லாம் கிடைக்கும். புது லேப்டாப்பில் அந்தப் பட்டனே இல்லை. நெட்டிலிருந்து படம் எடுத்து ஒட்டினால் எழுத்தெல்லாம் எங்கெங்கோ போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் தேடும் கிளிப் ஆர்ட் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 2014 இறுதியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது இன்சர்ட் மெனுவில் பிக்சர்ஸ் என்பதை அழுத்துங்கள். அதற்குள் ஸ்டாக் இமேஜஸ், ஆன்லைன் பிக்சர்ஸ் என்ற வழிகள் இருக்கும். ஐகான்ஸ் பட்டன் பக்கத்திலேயே தனியாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஸ்டாக் இமேஜஸில் நிறையப் படங்கள் கிடைக்கும்.

பயிற்சித்தாளுக்கு நான் சொல்வது ஐகான்ஸ்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிக்காது, நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டாலும் மாடு மாடாகவே தெரியும். வண்ணப் புகைப்படங்கள் ஜெராக்ஸில் கறுப்புத் திட்டாகிவிடும், குழந்தைகளுக்கு என்னவென்றே புரியாது.

ஆன்லைன் பிக்சர்ஸ் என்பது பிங் தேடல். அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் (மற்றவர்கள் பயன்படுத்த உருவாக்கியவரே அனுமதி தரும் உரிமம்) என்ற டிக்கை எடுத்துவிடாதீர்கள். சில படங்களுக்குக் கீழே உரிமம் பற்றிய ஒரு வரி தானாகவே வந்து உட்காரும். அசிங்கமாக இருக்கிறதென்று பலர் அதை அழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், படத்தை உருவாக்கியவரின் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமங்களே அதிகம். அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஓப்பன்கிளிப்ஆர்ட் தளத்துக்குப் போங்கள். அங்குள்ள படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எழுத்து ஓடுகிற விஷயம். படத்தைக் கிளிக் செய்தால் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு லேஅவுட் பட்டன் வரும். அதில் முதலில் இருப்பது இன் லைன் வித் டெக்ஸ்ட். இதில் படம் ஓர் எழுத்தைப் போலவே வரிக்குள் நிற்கும். படம் உயரமாக இருந்தால் அந்த வரி மட்டும் கீழே இறங்கி நடுவில் பெரிய இடைவெளி விழும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஸ்கொயர் என்று மாற்றினால் எழுத்து படத்தைச் சுற்றி ஓடும், படத்தையும் விரும்பிய இடத்துக்கு இழுத்து வைக்கலாம். ஒரே ஒரு படம் உள்ள பக்கத்துக்கு இது போதும்.

படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுக மாதிரியான தாளுக்கு ஸ்கொயர் சரிவராது. மேலே ஒரு வரி கூடினாலும் எல்லாப் படமும் இடம் மாறும். இன்சர்ட் மெனுவில் டேபிள் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு படம் என்று இன் லைனிலேயே வையுங்கள், அதன் கீழ்க் கட்டத்தில் கோடு போடுங்கள். டேபிள் பிராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸுக்குப் போய், உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவை மாற்றும் டிக்கை எடுத்துவிட்டால் கட்டங்கள் விரியாது. கடைசியில் பார்டரை நீக்கிவிடுங்கள். அப்புறம், படத்தின் அளவை மூலையைப் பிடித்தே மாற்றுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் மாடு நீண்டுவிடும்.

ஜெராக்ஸ் கடைக்கு வேர்ட் ஃபைலைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அந்தக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வரிகளும் படங்களும் மறுபடி இடம் மாறும்.