கர்ப்பப்பை இருக்கு, ஈஸ்ட்ரோஜன் மட்டும் போடலாமா?

அக்கா, தங்கச்சிக்கு டாக்டர் எழுதின ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) மாத்திரையையே நீங்களும் மெடிக்கல்ல வாங்கி 3 மாசமா போடுறீங்க, பீரியட்ஸ் நின்னப்புறம் வந்த வேர்வை படபடப்பு குறைஞ்சிருச்சு ஆனா இப்ப லேசா ரத்தம் படுதுன்னு எழுதிருக்கீங்க. தங்கச்சிக்கு கர்ப்பப்பை எடுத்தாச்சு, உங்களுக்கு இருக்கு, அங்கதான் சிக்கலே. கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியா எடுத்தா உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், நாள்பட கேன்சர் வரைக்கும் போக வாய்ப்பு உண்டு, அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்ட்ரோன்னு இன்னொரு ஹார்மோனும் குடுப்பாங்க. அதனால அடுத்த அட்டை வாங்காதீங்க, இந்த வாரமே லேடி டாக்டர்ட்ட போய் பழைய அட்டையையும் காட்டுங்க, ஸ்கேன்ல உள்சுவர் எத்தனை மில்லிமீட்டர்னு பாப்பாங்க, தேவைப்பட்டா பயாப்ஸி (உள்சுவர்ல துளி சதை எடுத்து டெஸ்ட்) பண்ணுவாங்க. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டி ரத்தம் பட்டா மாத்திரையாலதான்னு நாமளே முடிவு கட்டக்கூடாது.

அதுக்காக ஹார்மோனே வேணாம்னும் ஓடிராதீங்க (ஹார்மோன் மாத்திரையால மார்பகக் கேன்சர், ஸ்ட்ரோக் கூடுதுன்னு 2002ல அமெரிக்கா ஆய்வு வந்தப்ப பாதி பேர் அப்படித்தான் ஓடுனாங்க), 60 வயசுக்குள்ள, பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா, வேற சிக்கல் இல்லாத பெரும்பாலானவங்களுக்கு நன்மைதான் அதிகம். மார்பகக் கேன்சர், கால்ல ரத்தக்கட்டு, ஸ்ட்ரோக், லிவர் கோளாறு ஏதாச்சும் இருந்திருந்தா முதல்லயே சொல்லிருங்க. வெயிட் ஜாஸ்தின்னு வேற சொல்றீங்க, அப்ப தோல்ல தடவுற ஈஸ்ட்ரோஜன் ஜெல் பத்தி கேளுங்க, தோல் வழியா போறதால மாத்திரை அளவுக்கு ரத்தக்கட்டு பயம் இல்ல. டாக்டர் சொன்ன அளவுதான், தொடையிலயோ கையிலயோ தடவணும், மார்புல கூடாது, தடவின இடத்துல பேரப்புள்ள கை படாம பாத்துக்கோங்க.