காய்ச்சல் விட்ட பிறகும் நெறிகட்டு ஏன் வற்றவில்லை?

கேள்வி: என் ஏழு வயது மகனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து நான்கு நாட்களில் தணிந்துவிட்டன. ஆனால் தாடைக்குக் கீழே நெறி கட்டியது பத்து நாட்களாகியும் வற்றவில்லை. மீண்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுத்ததை முழுமையாக முடித்திருந்தால், நெறிகட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் மீண்டும் கொடுக்க வேண்டாம். அந்த வீக்கம் பெரும்பாலும், எதிர்ப்பு அணுக்கள் விழித்தெழுந்து பெருகியதன் அடையாளமே.

தொண்டையில் கிருமி புகுந்த சில மணி நேரத்திலேயே நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் வந்து, எதிர்ப்படும் கிருமிகளை விழுங்கத் தொடங்கும். குறிப்பிட்ட கிருமியை மட்டும் குறிவைக்கும் டி செல்களோ அவ்வளவு விரைவில் வருவதில்லை. ஒரு கிருமித் துணுக்கை அடையாளம் காணும் திறன் ஏறத்தாழ இலட்சம் முதல் பத்து இலட்சம் டி செல்களில் ஒன்றுக்குத்தான் உண்டு என்பதால், அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. இதைச் செய்வது, 1973இல் விஞ்ஞானி ரால்ஃப் ஸ்டைன்மன் அடையாளம் காட்டிய டென்ட்ரிட்டிக் செல். (இதற்காக 2011இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பே அவர் இறந்துவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.) அது கிருமியின் துணுக்கைச் சுமந்துகொண்டு நிணநீர் வழியே கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்கு (நெறி கட்டுவது இதில்தான்) சென்று, அங்கே வந்துபோகும் டி செல்களிடம் காட்டுகிறது.

துணுக்கு பொருந்துவது முதல் சமிக்ஞை மட்டுமே; அதனால் டி செல் உடனே கிளர்ந்தெழாது. கிருமியின் வருகையை உணர்ந்த டென்ட்ரிட்டிக் செல் தன் மேற்பரப்பில் பி7 என்னும் புரதத்தை மிகுதியாக நிறுத்தும். அதை டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி28 என்னும் புரதம் பற்றிக்கொண்டால்தான் இரண்டாவது சமிக்ஞை கிடைக்கும். அது கிடைக்காத டி செல் செயலிழந்துவிடும். நம் உடலையே நம் அணுக்கள் தாக்காமல் காக்கும் ஏற்பாடுகளில் இதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். இரண்டு சமிக்ஞைகளும் பெற்ற செல் ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. அந்நாட்களில் மற்ற வெள்ளையணுக்களும் முடிச்சிலேயே சற்றுக் காலம் தேக்கி வைக்கப்படுவதால், அது வீங்கி, தொட்டால் வலிக்கிறது. கிருமி ஒழிந்த பின் பெருகியவற்றில் பெரும்பாலானவை மடிந்து, சிறு பகுதி நினைவுச் செல்களாக நிலைக்கும். இந்த வடிதலுக்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

ஆகவே கட்டியை அழுத்தித் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் அது தொடர்ந்து பெரிதானாலும், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலும், கல்போல் இறுகி அசையாமல் இருந்தாலும், காறை எலும்புக்கு மேலே தோன்றினாலும், மேல்தோல் சிவந்தாலும், மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தாலும், நான்கு வாரங்களில் சுருங்கத் தொடங்காவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோயும் கழுத்தில் இப்படித் தோன்றக்கூடும் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.