ரூட்டர் வாங்காமலே ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள்) பழக முடியுமா?

தாராளமாக முடியும். கணினிக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவும் ஜிஎன்எஸ்3 இலவசம், ஆனால் அதில் ஓட்டும் சிஸ்கோ இமேஜுக்கு (சிஸ்கோ ரூட்டரின் மென்பொருளுக்கு) உரிமம் வேண்டும் என்பதால் எஃப்ஆர்ரூட்டிங் என்ற இலவச ரூட்டர் மென்பொருளை வைத்தே மூன்று நான்கு ரூட்டர்களை இணைத்து ஓஎஸ்பிஎஃப் ஓட விடுங்கள். ஓடியதும் வேண்டுமென்றே கெடுங்கள், படிப்பே அங்கேதான். ஒரு பக்கம் மட்டும் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவை) 1500-இலிருந்து 1400 ஆக்கினால், ரூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் ஹலோ பாக்கெட் போய்வரும், சாதாரண பிங்கும் போகும், ஆனால் அண்டை ரூட்டர் உறவு முழுமையடையாமல் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலோ எக்ஸ்சேஞ்ச் நிலையிலோ தொங்கிக்கொண்டே நிற்கும். (நான் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்.) பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டைத் திறந்தால் காரணம் தெரியும்: 1500 என்று வருவதை 1400 வைத்திருக்கும் ரூட்டர் ஒதுக்கிவிடுகிறது.

அப்புறம் பிஜிபி. அது பேசும் டிசிபி 179 போர்ட்டை அடைத்துவிட்டுப் பாருங்கள், அதன் நிலை கனெக்ட், ஆக்டிவ் என்று மாறி மாறிக் காட்டும். ஆக்டிவ் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.