தாங்கும் சக்தி இல்லையா எனக்கு?

கும்பகோணத்தில் 24 ஆண்டுகளாக நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர், இந்த வாரம் தலைவலி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டியே குத்துவிளக்குப் பட்டறை இருக்கிறது. மாதத்தில் நான்கைந்து முறை எனக்குத் தலையின் இடப்பக்கம் தெறிக்கிறது. அந்த நேரத்தில் பித்தளையில் அரம் போடும் சத்தம் கேட்டாலே குமட்டுகிறது. சீப்பு பட்டால் முடியின் வேர் வலிக்கிறது, தோட்டைக் கழற்றி வைத்துவிடுகிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். "இந்தச் சத்தத்தில்தான் நான் நான்கு பிள்ளைகளை வளர்த்தேன், உனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை" என்கிறார் மாமியார். ஆனால் இரண்டு பிரசவ வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியவள் நான். உண்மையிலேயே எனக்குத் தாங்கும் சக்தி குறைவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாச்சியார்கோவில்

பதில்: இல்லை அம்மா. உங்களுக்கு இருப்பது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி என்றே உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றுகிறது. நேரில் பார்க்கும் மருத்துவர் அதை உறுதி செய்யட்டும். மனத்திடத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.

வலியைக் குறைத்துக்கொள்ள உடம்புக்கு என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வாய்க்காலில் தண்ணீர் அளவுக்கு மீறி வந்தால் லஸ்கர் வந்து மதகின் ஷட்டரை இறக்குவார் அல்லவா? மூளைத்தண்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. தலையிலிருந்தும் உடம்பிலிருந்தும் ஏறிவரும் வலிச் செய்தியை, அங்கிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதைகள் மட்டுப்படுத்துகின்றன. 1969-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலியின் மூளைத்தண்டின் மேல்பகுதியான நடுமூளையில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்தே கொடுக்காமல் வயிற்றில் அறுவை செய்தார். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது மார்ஃபினைப் போல வேலை செய்யும், உடம்பே சுரக்கும் வலி மருந்து.

மைக்ரேன் உள்ளவர்களிடம் இந்த ஷட்டர் சரியாக இறங்குவதில்லை. இதை அளந்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு, உடம்பின் வேறோர் இடத்தில் வலிக்கும் அளவுக்கு அழுத்துவார்கள். பெரும்பாலானோருக்கு, கை குளிரில் வலிக்கும்போது அந்த அழுத்தத்தின் வலி குறைந்து தெரியும். ஒரு வலி வந்தால் உடம்பு மற்றொரு வலியை அடக்கிவிடுகிறது. மைக்ரேன் உள்ளவர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளில் இந்த அடக்கம் குறைவாக இருந்தது. சிலருக்கு இல்லவே இல்லை. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் நரம்பு மண்டலத்தின் நிலை தலைவலிக்கு முன்பு ஒன்றாகவும், தலைவலியின்போது ஒன்றாகவும், விட்ட பிறகு வேறாகவும் இருக்கிறது. எந்த நாளில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்.

மூளைத்தண்டின் அந்த இடத்துக்கும் தலைவலிக்கும் உள்ள உறவு மற்றொரு வழியிலும் தெரியவந்தது. தீராத முதுகுவலிக்காக அங்கே மின்முனை பொருத்தப்பட்ட சிலருக்கு, அதுவரை தலைவலியே அறியாதவர்களுக்கு, மைக்ரேன் போன்ற தலைவலி தொடங்கியதாக 1987-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள்.

இப்போது அரம் போடும் சத்தத்துக்கு வருகிறேன். ஒரே ஒளியையோ ஒலியையோ திரும்பத் திரும்பக் கொடுத்தால், மற்றவர்களின் மூளை சிறிது நேரத்தில் பழகிக்கொண்டு பதிலைக் குறைத்துக்கொள்ளும். மைக்ரேன் உள்ளவர்களின் மூளை, தலைவலி இல்லாத நாட்களிலும், அப்படிப் பழகிக்கொள்வதில்லை என்று மூளை மின்னலைப் பதிவுகளில் பலமுறை கண்டிருக்கிறார்கள். உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் மூளை பத்து நிமிடத்தில் அந்தச் சத்தத்தை ஒதுக்கி வைத்திருக்கும். உங்களுக்கோ ஒவ்வோர் இழுப்பும் முதல் இழுப்புதான்.

சீப்பு பட்டால் வலிப்பதற்கும் காரணம் இருக்கிறது. முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு முதலில் கிளர்ச்சி அடைகிறது. அதை அடக்க ஆளில்லாதபோது, மூளைத்தண்டில் அடுத்த நிலையில் இருக்கும் நரம்பணுக்களும் கிளர்ந்துவிடுகின்றன. அதன்பின் தோடு, மூக்குக்கண்ணாடி, தலையணை, எது பட்டாலும் வலிதான். ஆகவே, உங்கள் மருத்துவர் தரும் மாத்திரையைத் தலைவலி தொடங்கிய உடனே போட்டுக்கொள்ளுங்கள். சீப்பு வலிக்கிற கட்டம் வந்துவிட்டால், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகள் முழுப் பலன் தருவது குறைகிறது.

பிரசவத்தை எப்படித் தாங்கினீர்கள்? கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்தின்போதும் உடம்பின் சொந்த வலி மருந்து அதிகமாகச் சுரக்கிறது. பல பெண்களுக்கு அந்த மாதங்களில் மைக்ரேனே குறைந்துவிடும். உங்களிடம் அந்த ஏற்பாடு இல்லாமல் போய்விடவில்லை. வேண்டிய நேரத்தில் போதிய அளவு இயங்குவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி. கட்டியோ இரத்தக் கசிவோ இல்லை. ஆனால் ஸ்கேன் மதகைத்தான் படம் பிடிக்கும். ஷட்டர் எப்போது இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்பது அதில் தெரியாது.

திருவையாற்றில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் அம்மா நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடப்பார். ஒருநாள் காபி எடுத்துப்போய் டவராவைத் தரையில் வைத்தேன். அந்தச் சிறிய சத்தத்துக்கு அவர் உடம்பு முழுதும் ஒடுங்கியது. வலி தாங்கத் தெரியாதவள் என்று அவருக்கும் வீட்டில் பெயர் இருந்தது. நானும் அப்போது அதை நம்பினேன். பற்றின் எரிச்சலும் துண்டின் இறுக்கமும், ஒரு வலியால் மற்றொன்றை அடக்க அவர் செய்துபார்த்த முயற்சி என்றே இன்று நினைக்கிறேன். இதே தத்துவத்தில், மேற்கையில் கட்டிக்கொண்டு மின்துடிப்பால் மைக்ரேனைக் குறைக்கும் கருவி இப்போது வந்திருக்கிறது.

மாதம் நான்கைந்து முறை வருவதால், தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தால், "இது மன அழுத்தத்துக்கான மாத்திரை" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பயப்படாதீர்கள். வலியை அடக்க இறங்கிவரும் பாதைகள் பயன்படுத்தும் செரட்டோனின், நார் அட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருள்களை அது கூட்டுகிறது. சிறிய அளவில் அதைத் தருவது அதற்காகத்தான்.

கேள்வி: கடையில் வாங்கும் மாத்திரையை முன்பு ஒன்று போட்டால் போதும். இப்போது ஏறக்குறைய தினமும் போடுகிறேன், தினமும் தலை வலிக்கிறது. மாத்திரை தரம் குறைந்துவிட்டதா?
– நெல் வியாபாரி, மன்னார்குடி

பதில்: மாத்திரையின் மீது தவறில்லை ஐயா. மூன்று மாதங்களுக்கு மேலாக, சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாட்களோ அதற்கு மேலோ போட்டாலும், டிரிப்டானையோ கலவை மாத்திரையையோ 10 நாட்களோ அதற்கு மேலோ போட்டாலும், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இப்படிப்பட்டவர்களிடம் மேலே சொன்ன குளிர்நீர்ச் சோதனையில் வலி அடக்கம் மிகவும் தளர்ந்திருப்பதையும், மாத்திரையை விட்ட பிறகு அது மீள்வதையும் கண்டிருக்கிறார்கள். விட்ட முதல் சில நாட்கள் தலைவலி கூடும். அந்த நாட்களைத் தனியாகக் கடக்க வேண்டாம், மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள். எந்தெந்த நாளில் என்ன மாத்திரை என்று காலண்டர் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இடி விழுந்தாற்போல் திடீரென்று வரும் கடும் தலைவலி, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கு மைக்ரேன் இருக்கிறது. சஷ்டி விரதம் இருக்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: வெறும் வயிறு பலருக்குத் தலைவலியைக் கிளப்பும். ஆறு நாட்களும் பட்டினி வேண்டாம். வேளை தவறாமல் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை நிறையக் குடித்து விரதம் இருங்கள். தினமும் காலையில் காபி குடிப்பவர் என்றால் அன்றும் அதே நேரத்தில் குடித்துவிடுங்கள். அதை விட்டாலே சிலருக்கு மாலைக்குள் தலை கனக்கத் தொடங்கிவிடும்.