கட்டியது வெள்ளைக்காரனா?

கேள்வி: டேராடூனில் இருக்கும் டூன் ஸ்கூலை, இங்கிலாந்தில் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியோடு ஒப்பிட்டு 'இந்தியாவின் ஈட்டன்' என்கிறார்கள். வெள்ளைக்காரன் கட்டிவைத்த பள்ளியில் சீட்டுக்காக நம் ஆட்கள் இன்னும் அலைகிறார்களே, வெட்கமாக இல்லை? (வாசகர், கரூர்)

பதில்: வெட்கப்படலாம். அதற்கு முன்னால் ஒரு திருத்தம். அந்தப் பள்ளிக்காக முதலில் அலைந்தவர் ஓர் இந்தியர். கல்கத்தா வழக்கறிஞர் எஸ்.ஆர்.தாஸ், தேசபந்து சி.ஆர்.தாஸின் உறவினர். வைஸ்ராயின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராகவும் இருந்தவர். ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஜ்மீரில் மேயோ கல்லூரி 1875-லேயே வந்துவிட்டது. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு? சாதி, மதம் பார்க்காமல் சேர்க்கும் ஒரு விடுதிப் பள்ளி வேண்டும் என்று ஊர் ஊராக நிதி கேட்டுப் போனார் தாஸ். 1928-ல் காலமானார். பள்ளி திறந்தது 1935-ல்.

சரி, இனி உங்கள் பக்கம் வருகிறேன். முதல் தலைமையாசிரியர் ஆர்தர் ஃபுட் வந்தது சாட்சாத் ஈட்டனிலிருந்துதான். அங்கே அறிவியல் வாத்தியார். திறப்பு விழாவுக்கு வந்தவர் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு. ராஜா வீட்டுப் பள்ளிக்கு மாற்றாக வந்த இடத்தில் பழைய விடுதிகளின் பெயரைப் பாருங்கள்: ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாடா. மூன்று சமஸ்தானம், ஒரு தொழிலதிபர் குடும்பம்! எல்லாம் நன்கொடை செய்த வேலை. நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுவதில்லையா, அப்படித்தான். ஆனால் அதே பள்ளி 1935-லேயே 'ஜன கண மன'வைப் பள்ளிப் பாடலாக வைத்துக்கொண்டது. தேசம் அதைத் தன் கீதமாக்கியது 1950-ல்.

சலுகையும் செல்வமும் தரும் மேட்டிமை வேண்டாம், சேவை செய்யும் மேட்டிமை வேண்டும் என்றார் ஃபுட். 1984-ல் ராஜீவ் காந்தி பிரதமரானதும் அவருடைய டூன் பள்ளித் தோழர்கள் அவரைச் சுற்றி நின்றபோது, இதில் எந்த மேட்டிமை ஜெயித்தது என்று டெல்லியில் கேட்காத ஆளில்லை.

அப்புறம், சீட்டு அலைச்சல். அது அன்றே தொடங்கியதுதான். டூனுக்குப் பையன்களைத் தயார் செய்யவே 1937-ல் டேராடூனில் வெல்ஹாம் என்று ஒரு பள்ளியை மிஸ் ஆலிஃபன்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஆரம்பித்தார். ராஜீவ் இரண்டிலும் படித்தவர். இன்று டூனின் வருடக் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அதைக் கட்டுகிறவர் வெள்ளைக்காரர் இல்லை. உங்களுக்கு மகள் என்றால் அந்த அலைச்சலே தேவையில்லை. அது இன்றுவரை பையன்கள் பள்ளி.